கடைசி மடிப்பில் ஒரு கறை

சபையில் திருவிருந்துக் கிண்ணம் துடைக்கிற வெள்ளைத் துணியில் ரத்தம் வருகிறதாம். நிம்மிக்கு அவள் நாத்தனார் சொன்னது. நாத்தனாருக்கு யார் சொன்னார்களோ. சிலர் அதை ஏதோ அடையாளம் என்றார்கள். மற்றவர்கள் நோய் என்றார்கள். குழந்தைசாமியின் நோய்.

"ஐவி சிஸ்டரே பார்த்துச் சொன்னாங்களாம். நர்ஸு கண்ணு தப்புமான்னு கேக்கறாங்க" என்றாள் நிம்மி. அந்த ஐவி சிஸ்டரின் சமையலறையில் உட்கார்ந்து, அவள் போட்ட காபியைக் குடித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஐவி அடுப்பை அணைத்தாள். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஏதோ சொல்லித்தான் இருந்தாள்.

முப்பத்திநாலு வருஷம் மைசூரில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள் ஐவி. ரிட்டையர் ஆனபின் அந்த ஊர்ச் சபையிலேயே அவளுக்கு ஒரு பொறுப்பு வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவிவைத்து, துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைக்க வேண்டும். கிண்ணம் ஒன்றுதான். ஒருவர் குடித்ததும் பாஸ்டர் விளிம்பைத் துடைத்து, அடுத்தவருக்குத் துணியின் வேறு மடிப்பைத் திருப்புவார். வீட்டில் விரித்துப் பார்த்தால் அன்றைக்கு வந்த வாய்களெல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

திராட்சை ரசத்தின் கறை சோப்புத் தண்ணீரில் நீலம் பாரித்துப் போய்விடும். ரத்தம் பழுப்பாகி அடம்பிடிக்கும். ஜூனில் கடைசி மடிப்பில் ஒரு மிளகளவு இருந்தது. ஜூலையில் அதே இடத்தில், கொஞ்சம் பெரிதாக. ஆகஸ்டில் வாளியிலிருந்து துணியைத் தூக்கியபோது அது தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. கூடவே ஒரு வாடை, துருப்பிடித்த இரும்பு போல. கிண்ணம் பழசு, அதன் வாடை என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி மடிப்பு என்றால் கடைசியாக முழங்காலிடுகிறவர். அது எப்போதும் குழந்தைசாமிதான். கொள்ளேகால்காரர், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி போனபின் அக்ரஹாரம் ஏரியாவில் ஒரு சந்தில் தனியாக இருந்தார். முட்டிவலி, அதனால் எல்லோரும் எழுந்து போனபிறகே வருவார். "கடைசி வண்டி எப்பவும் நம்முளுதுதானுங்க சிஸ்டர்" என்று சிரிப்பார்.

ஆகஸ்டில் பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் ஐவி ஒரே ஒரு வரி சொன்னாள். "கடைசி மடிப்புல ரத்தம் இருக்கு, யாருக்கோ உடம்பு சரியில்ல." பேர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. செப்டம்பரில் குழந்தைசாமியின் பெஞ்சில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. அக்டோபரில் அவரும் இல்லை.

அக்டோபர் திருவிருந்து அன்று மத்தியானம் ஐவி துணியை விரித்தாள். கடைசி மடிப்பில் கறை இருந்தது.

கொடியில் துணி காய்ந்தது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் இரும்பு வாடை கூடவே வந்தது. சமையலறையில் அடித்தது. ஜெபப் புஸ்தகத்தை முகத்தருகே பிடித்து வாசித்தால் அதிலும் அடித்தது. இந்த வீட்டில் கிண்ணம் எதுவும் இல்லையே என்று யோசித்தாள்.

மறுநாள் காலையில் சிவப்புப் பல்பொடி தீர்ந்துபோயிருந்தது. சின்ன வயசிலிருந்து அதுதான், துப்பினால் எச்சில் எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும். மகன் டேவிஸ் போன லீவில் வந்தபோது விட்டுப்போன வெள்ளைப் பேஸ்ட் அலமாரியில் கிடந்தது. அதில் தேய்த்துத் துப்பினாள்.

வாஷ்பேசின் சிவந்தது.

கொப்பளித்துத் துப்பினாள். மறுபடியும் சிவப்பு. கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வீங்கி, ஊதா நிறத்தில் பளபளத்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே, ரிட்டையர்மென்ட் போட்டோவில் இல்லாத ஒரு சந்து. எத்தனை வருஷமாக அந்தப் பொடி இதை மூடிவைத்திருந்தது?

அப்புறம்தான் அது நினைவுக்கு வந்தது. மிச்சமிருக்கும் ரசத்தைக் கீழே ஊற்றக்கூடாது. எல்லோரும் போனபின் பக்கத்து அறையில் நின்று அதைக் குடித்து முடித்து, அதே துணியால் விளிம்பைத் துடைப்பது ஐவி. அதைக் குடிப்பதாகவே அவள் நினைத்ததில்லை. பாத்திரம் கழுவுகிற வேலையில் அதுவும் ஒன்று. துணியில் எல்லோரையும் எண்ணியவள் தன்னை எண்ணவில்லை.

விஜயநகர் ஏரியாவில் டாக்டர் ஸ்ரீவல்லியின் பல் க்ளினிக்கில் அவளைச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். மெல்லிய கம்பி ஒன்று பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறங்கியது. டாக்டர் எண்களைச் சொல்லச் சொல்ல, உதவிக்கு நின்ற பெண் எழுதிக்கொண்டாள். "நாலு. ஆறு. ஆறு. ஏழு."

"என்னம்மா எண்ணுறே?"

"ஈறு பல்லை விட்டு எவ்வளவு ஆழம் பிரிஞ்சிருக்குன்னு ஆன்ட்டி. மில்லிமீட்டர்ல. மூணுக்குள்ள இருக்கணும். வலிக்கவே இல்லதானே?"

"இல்ல."

"அதான் இதோட குணம். ஷுகர் இருக்கா?"

"பன்னெண்டு வருஷமா."

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தீனி போடும்."

"வயசானா ஈறு எறங்கத்தானே செய்யும்?"

"அப்படித்தான் எல்லாரும் விட்டுடறாங்க. இது வயசு இல்ல. அழுக்கு கல்லாகி ஈறுக்கு அடியில உக்காந்திருக்கு." எக்ஸ்ரேயில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு, வற்றிய குளத்தின் தண்ணீர் மாதிரி கீழே இறங்கியிருந்தது. "போன எலும்பு தானா வளராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். நர்ஸா இருந்தீங்களாமே, ஆன்ட்டி?"

"அடுத்தவங்களுக்கு" என்றாள் ஐவி.

மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு வாரம் வலது பக்கம், அடுத்த வாரம் இடது பக்கம், ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். எலும்பின் மேல் யாரோ நடப்பதுபோல் காதுக்குள் சத்தம் கேட்டது. பொடி வேண்டாம், மெத்தென்ற பிரஷ், பல்லிடுக்குக்குத் தனியாகச் சின்ன பிரஷ், ஷுகர் கட்டுப்பாடு, மூன்று மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்ட வேண்டும். ஈறு ஆறும்வரை பொதுக்கிண்ணத்தில் வாய் வைக்க வேண்டாம் என்றாள் டாக்டர். மூன்றாம் வாரம் வெள்ளைப் பேஸ்ட் வெள்ளையாகவே துப்பியது. வாடையும் போயிருந்தது.

அந்த வாரம் பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் ஐவி எழுந்து நின்றாள். "அந்த ரத்தம் என்னுது. ஈறு வியாதி. அவருக்கு ஒண்ணுமில்ல."

நிம்மி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "உங்க மனசு யாருக்கும் வராது சிஸ்டர். அவருக்காக சும்மா உங்க மேல போட்டுக்கறீங்க."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அன்பாகத்தான். ஐவி ஆகஸ்டில் சொன்ன ஒற்றை வரி பரவியாகிவிட்டது, இப்போது அவளே சொன்னாலும் நிற்காது.

இவர்கள் நம்பாவிட்டாலும் அவருக்காவது தெரியவேண்டும். மறுநாளே அக்ரஹாரம் போனாள். குழந்தைசாமியின் கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு சுலோசனா எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு வாரமாச்சும்மா. ஒரு பையோட கெளம்பினார். எங்கேன்னு கேட்டேன், கடைசி வண்டிக்குன்னார். கொள்ளேகாலுக்கா இருக்கும். ஆனா தெனம் காலைல ஆறுக்கு உள்ள அலாரம் அடிக்குது. அதுவே நின்னுடுது."

ஐவி கைப்பையிலிருந்து போனை எடுத்து அவர் நம்பரைப் போட்டாள்.

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், எங்கோ சுவரோரமாக, அவர் சார்ஜிலேயே விட்டுப்போன போன் அடிக்க ஆரம்பித்தது. ஐவி சொல்லவேண்டியதை மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். உள்ளே அது அடித்துக்கொண்டே இருந்தது.