மூச்சு விடும் பைப்பு

கொடைக்கானல் பஜாரில் கேமரா மாட்ட வேண்டுமென்றால் சஃபீர் பாயைத்தான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தம், பேச்சுதான் கொஞ்சம் ஓவர். மலைப்பனியில் பைப்புக்குள் தண்ணீர் கோத்து ஒயர் கெட்டுவிடும் என்று, பைப்பின் கீழ் வளைவில் ஓர் ஓட்டை போடுவார். "பைப்பு மூச்சு விடணுங்க" என்று லாட்ஜ்காரர்களுக்கெல்லாம் பாடம் வேறு எடுப்பார்.

பூண்டி ரோட்டில் முருகவேலின் கேஸ் குடோனிலும் அதே கைப்பழக்கம். அங்கே குடோன் கேமராவிலிருந்து சுவர் வழியாக ஆபீஸ் அறைக்குள் வரும் இரும்புப் பைப்பைப் பொட்டு இடைவெளியில்லாமல் அடைக்க வேண்டும் என்று கேமரா கம்பெனிக்காரன் படம் போட்டே கொடுத்திருந்தான். அடைக்கும் பசையும் டப்பாவில் இருந்தது. நம்ம ஊர்ப் பனியைப் பற்றி அவனுக்கென்ன தெரியும் என்று பாய் அதைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு காலை ஆபீஸ் அறையில் கேஸ் வாடை. கணக்கு பார்க்கும் புவனா அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் குடோனில் ஒரு சிலிண்டர் கசிந்திருந்தது. ஆனால் சுவர் தாண்டி இங்கே எப்படி வரும்? குளிருக்கு இவள் திருட்டுத்தனமாக அடுப்பு வைத்து டீ போடுகிறாள் என்று முருகவேல் முடிவு கட்டிவிட்டார். வாசல் கேமராவில் எதையாவது தூக்கி வருகிறாளா என்று பார்த்துச் சொல்லச் சஃபீரை வரவழைத்தார்.

கேமரா பெட்டி இருந்த புவனாவின் மேசைக்கடியில், பைப் வாயருகே குனிந்ததுமே பாய்க்கு வாடை மூக்கில் ஏறியது. கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து, குடோனுக்குள் அவர் போட்ட ஓட்டையில் புகுந்து, பைப் வழியாகவே வந்திருக்கிறது. ஒரு ஸ்விட்சைத் தட்டியிருந்தால் அந்தப் பெண் உயிரோடு இருந்திருக்க மாட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் அழுதுகொண்டு நிற்க, பாய் சத்தமில்லாமல் குடோனுக்குள் போய், பையிலிருந்த பசையை எடுத்து ஓட்டையை அடைத்தார்.

"கேமராவுல பனி மூடிக் கெடக்கு. ஒண்ணும் வெளங்கலங்க" என்று சொல்லிவிட்டு வெரசாக வண்டியேறினார்.

மறுநாள் பஜாரில் புவனா வழிமறித்தாள்.

"பாய், மொதலாளி இனி வேலைக்கு வர வேணாம்னுட்டாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு."

கையெடுத்துக் கும்பிட வேறு செய்தாள். பாயால் அதைத் தாங்க முடியவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டே குடோனுக்குப் போனார்.

"தப்பு எம்மேலதாங்க. பைப்புல ஓட்டை போட்டது நானு. வாடை அதுலதான் வந்துச்சு."

முருகவேல் முறைத்தார். "இப்ப அடைச்சாச்சுல்ல? விடுங்க பாய். ஏம்மா, நீ போயி சோலியப் பாரு."

புவனா நகரவில்லை.

"நேத்து நான் அழுதுக்கிட்டு நின்னப்பவே ஒங்களுக்குத் தெரியுமா பாய்?"

"தெரியும்மா" என்றார் சஃபீர், தரையைப் பார்த்துக்கொண்டு.