சிப்பிக்குள் மணல்

என் வீட்டுக்காரி பாறை ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கல் சீவுகிறாள். கல்லை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, அரைப்பொடியும் தண்ணீரும் போட்டு இரும்புத் தட்டில் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிசாக்கிவிடுவாள். வீட்டில் வெங்காயம் நறுக்கினாலும் அதே கதைதான். அவளைக் கட்டிக்கொண்ட நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கல் பெட்டிகளுக்குக் காவல்.

அன்று நான் மேலே பெட்டி கொண்டுபோன நேரம், ஆய்வாளர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக் கத்தினார்.

"சுண்ணாம்புக் கல்லுல மணல் எப்படிம்மா வந்துது? முன்னாடி மணல் கல்லைத் தேய்ச்ச தட்டைக் கழுவாமலே இதையும் தேய்ச்சீங்களா? இந்த ரூமுக்கு வேற ஆளைப் போடச் சொல்லி இன்னிக்கே எழுதிடறேன்."

எனக்குச் சுருக்கென்றது. முந்தைய நாள், "போதும் வா, பசி உயிர் போகுது" என்று அவளை அவசரப்படுத்தியவனே நான்தான். ஒருவேளை கழுவாமல் விட்டிருப்பாளோ? அந்தச் சந்தேகத்தில் வாயைத் திறக்காமல் மரம் மாதிரி நின்றேன். சே, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அவள் அழவில்லை. "மிச்சக் கல்லை எடுத்துட்டு வாங்க" என்றாள் என்னிடம்.

ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். தட்டின் பக்கமே போகாத துண்டு அது. சுத்தியலால் உடைத்தாள், உள்ளே மூடியபடியே ஒரு சிப்பி. அதையும் உடைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, நீர் கலந்த அமிலத்தை ஊற்றினாள். புஸ்ஸென்று நுரைத்துச் சுண்ணாம்பெல்லாம் கரைந்துபோனது. அடியில் மணல் மட்டும் பொடிப்பொடி உருண்டைகளாகக் கிடந்தது.

"மூடின சிப்பிக்குள்ள நானா சார் மணலைத் திணிச்சேன்?"

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் சிப்பிகள் வாழ்ந்த ஆழமில்லாத கடலில் ஏதோ ஆறு வெள்ளத்தோடு மணலைக் கொட்டியிருக்கிறது, இரண்டும் கலந்தே படிந்து கல்லாகிவிட்டன என்று அவரே சொன்னார்.

"மன்னிச்சிடுங்கம்மா. இந்த ரூம் உங்களுதுதான்."

படிக்கட்டில் இறங்கும்போது அவள் கேட்டாள். "நீங்களும் நான் கழுவலன்னுதானே நெனச்சீங்க?"

"ஒரே ஒரு நிமிஷம்..."

"இருபத்திரண்டு வருஷம்" என்றுவிட்டு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

மறுநாள் அவளுக்கு முன்பே ஓடிப்போய், தட்டைப் பளபளவென்று கழுவி வைத்தேன். வந்தாள். விரலால் ஒரு தடவு தடவினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு குழாயைத் திறந்து மறுபடியும் கழுவினாள்.