மூன்றாம் கட்டிலில் கேள்வி கிடையாது

வண்டி வந்த காலை

மாட்டு வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. வண்டிக்காரன் இறங்காமலேயே சத்தம் போட்டான்.

"நர்ஸம்மா, வாந்திபேதி கேசு! ராசபாளையத்துலேருந்து வாரேன். மூணு பேரு கெடக்காக. நான் தொட மாட்டேன், ஆள் வரச் சொல்லுங்க."

தொட்டது நானும் ஆயா பாக்கியமும். வைக்கோல் மேல் ஒரு தாயும், நாலு வயதுப் பையனும், ஆறு வயதுப் பெண்ணும் சுருண்டு கிடந்தார்கள். தாயின் பெயர் குருவம்மா. பெண்ணின் பெயர் மாடத்தி. அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில், ஒரு தோப்பை ஒட்டி அவர்கள் வீடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் வண்டி பிடித்து ஏற்றிவிட்டு, கூட வர பயந்து நின்றுவிட்டார்கள்.

அது யுத்த காலம். அரிசிக்குக் கார்டு வந்திருந்த சமயம். நான் பாளையங்கோட்டையில் நர்ஸ் படித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை சுத்தம், வாய் நீளம் என்று எனக்குப் பெயர். முதல் பெயர் டாக்டர் கொடுத்தது, இரண்டாவது ஊர் கொடுத்தது. இரண்டுக்கும் நான் வெட்கப்பட்டதில்லை.

சலைன் ஏற்றினோம். தெரிந்த வைத்தியம் அத்தனையும் பார்த்தோம். பையன் மதியத்துக்குள் போய்விட்டான். குருவம்மா மறுநாள் போனாள். மாடத்தி மட்டும் மூன்றாம் கட்டிலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

காலரா என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். டாக்டருக்கு மட்டும் நெருடியது. மூன்று பேருக்கும் வாயும் தொண்டையும் வெந்து புண்ணாகியிருந்தது. தெருவில் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. பாஷாணமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டுப் போலீசுக்கு எழுதினார். அது அவர் கடமை. இறந்தவர்களின் குடல் பகுதிகளை ஜாடியில் போட்டு சீல் வைத்து, பரிசோதனைக்கு மெட்ராஸுக்கு அனுப்பினார்.

அப்பன் சங்கையா வந்தது பையன் இறந்த பிறகு. ராஜபாளையத்தில் ஜின்னிங் பாக்டரியில் வேலை. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு அங்கேயே பஞ்சு மூட்டைமேல் படுத்துவிட்டாராம். வீட்டுக்குப் போய், விஷயம் தெரிந்து, பஸ் பிடித்து வந்தார். தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. மனைவி கட்டிலுக்கும் மகள் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்தவர் வாயே திறக்கவில்லை. குருவம்மா உயிர் போன அன்றே போலீஸ் வந்து, வராண்டாவில் வைத்து விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போனது.

ஊர் நடத்திய விசாரணை

கோர்ட் கூடுவதற்கு முன்னாலேயே ஊர் கூடிவிட்டது.

"வீட்டுல அம்புட்டுப் பேரும் தின்னுருக்காக. இவன் மட்டும் எப்படித் திங்காமத் தப்பிச்சான்?" இதுதான் முதல் கேள்வி. காப்பிக் கடையில், தேரடியில், குளத்துப் படியில் எங்கே போனாலும் இதே கேள்விதான்.

"பாக்டரியில ஒருத்திகூடச் சகவாசமாம்லா."

"நெருப்பில்லாமப் புகையுமா?"

காலையில் அந்த 'ஒருத்தி' பேச்சில் வந்தாள். மாலைக்குள் அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. கண், காது, மூக்கு வைப்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஈடு கிடையாது. பஸ் கண்டக்டர் ஒருவன், "பொண்டாட்டி புள்ளையக் கொன்னான் ஆஸ்பத்திரி எறங்கு!" என்று கூவியதை என் காதால் கேட்டேன்.

ஊர் பேசட்டும் என்று நானும் முதலில் விட்டுவிட்டேன். சங்கையா செய்தாரா, செய்யவில்லையா என்று எனக்கும் தெரியாது. அவர் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கே ஒரு சந்தேகம் தட்டியது உண்மை.

ஆனால் அந்தப் பேச்சு வார்டுக்குள் வந்தது. நோயாளி பார்க்கிற நேரத்தில் முன்பின் தெரியாத பெண்கள் கையில் வாழைப்பழத்தோடு மூன்றாம் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பாவம் பார்க்க வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன்.

"ஏட்டி, ஒங்கப்பா ஏதும் பொட்டலம் கொண்டாந்தாரா?"

பிள்ளை யோசித்துவிட்டு, "ஆமா" என்றது. உடனே கையில் ஒரு பழம். அந்த 'ஆமா' தேரடிக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை.

"பொட்டலத்துல வெள்ளையா மாவு மாதிரி இருந்துச்சா தாயி?" என்று இன்னொருத்தி கேட்டாள். பிள்ளை பதில் சொல்லவில்லை. அவள் பழத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பழத்தோடு ஒரு புது ஆள் வந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மாடத்தி தானாகவே சொன்னது: "எங்கப்பா வெள்ளை மாவு கொண்டாந்தாக. கொழம்புல போட்டாக."

நேற்றுவரை இல்லாத மாவு இன்றைக்கு எங்கிருந்து வந்தது? எந்தப் பதிலுக்குப் பழம் கிடைக்கும் என்று ஆறு வயதுப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. இதையே மாஜிஸ்ட்ரேட் முன்னால் சொன்னால் அப்பன் தூக்குக் கயிற்றுக்குப் போவான். பிறகு அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் யாரும் கிடையாது. அவன் செய்திருந்தால் தொங்கட்டும். ஆனால் பிள்ளை கண்ணால் பார்த்ததற்காகத் தொங்கட்டும். வாழைப்பழத்துக்காகத் தொங்கக் கூடாது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. என் வார்டுக்குக் கதவு இருந்தது. அதைச் சாத்தினேன்.

கதவில் நடந்த சண்டை

முதலில் மோதியது ஒரு பண்ணை வீட்டு அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போர்வைகள் தானம் கொடுத்தவர். பட்டுச் சேலையோடு வந்து நின்றார்.

"நான் குடுத்த போர்வையிலதான் அந்தப் புள்ள படுத்துருக்கு. என்னையவே வாசல்ல நிறுத்துதியா?"

"போர்வை உங்களுதுதான் தாயி. கட்டிலு ஆஸ்பத்திரியோடது. பிள்ளை இப்ப என்னுது. டிஸ்சார்ஜ் ஆனபொறவு வந்து பாருங்க."

அவர் நேராக டாக்டரிடம் போனார். டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மெமோதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். "என்ன நடந்துச்சு, மறைக்காமச் சொல்லு" என்றார். வாழைப்பழக் கதையைச் சொன்னேன்.

"வெறுமனே வாயால சொன்னா நிக்காதும்மா. போர்டு எழுதி மாட்டு" என்றார்.

மாட்டினேன். 'மூன்றாம் கட்டிலில் கேள்வி கேட்கக் கூடாது.' என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும், தூரத்திலிருந்தே படிக்கலாம்.

அடுத்தது போலீஸ் ஏட்டு. பெரிய மீசை. "ஏம்மா, சர்க்கார் வேலையவே தடுக்கியா?" என்றார்.

"தடுக்கல ஏட்டையா. மாஜிஸ்ட்ரேட் அய்யாவும் டாக்டர் அய்யாவும் இருக்கும்போது கேளுங்க. தனியாக் கேட்டா நானும் கூட நிப்பேன். நீங்க கேட்டதையும் சேத்துச் சாட்சி சொல்லுவேன்."

அவர் முறைத்துவிட்டு வராண்டா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைக்கு இன்னும் பேசத் தெம்பு வரவில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்து, வாக்குமூலத்தைத் தள்ளிவைத்தார்.

அதன்பிறகு மூன்றாம் கட்டிலில் காக்கையைப் பற்றிப் பேசினோம், கஞ்சியைப் பற்றிப் பேசினோம். அன்றைக்கு என்ன தின்றாய் என்று நானும் கேட்கவில்லை. பாக்கியத்தையும் கேட்க விடவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று கேட்காமல் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாக்கு நுனியில் கேள்வி எந்நேரமும் நின்றுகொண்டே இருக்கும்.

இரண்டாம் வாரம் பிள்ளைக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. சில நாளில் தலை வழுக்கை. 'தாயோட சாபம்' என்று வெளியே புதுப் பேச்சு கிளம்பியது. டாக்டர் மட்டும் அந்தத் தலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இப்படி ஒரு கேசு முன்னாடி பாத்துருக்கேனே, எங்கன்னு வரமாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பிள்ளை தலையைத் தடவித் தடவி அழுதது. எனக்குப் பொறுக்கவில்லை. தேரடிக் கடையில் ஒரு செட் மரச் சொப்பு வாங்கிவந்து கொடுத்து, தலையில் ஒரு துணியைக் கட்டி, வெயில் காயட்டும் என்று வராண்டாவை ஒட்டிய வேலியோரம் உட்கார வைத்தேன்.

சொப்புச் சோறு

மாடத்தி சோறு பொங்கி விளையாட ஆரம்பித்தது. நானும் பாக்கியமும் வராண்டாவில் பஞ்சு கிழித்துக்கொண்டிருந்தோம். பிள்ளை ஒரு குச்சியை எடுத்து வேலிக்கு அடியில் தோண்டியது. இரண்டு மூன்று ஓட்டுச் சில்லுகளை எடுத்தது. பாவாடையில் மண்ணைத் துடைத்து, நகத்தால் தோல் சுரண்டுவதுபோல் சுரண்டி, சொப்புப் பானையில் போட்டது.

"தம்பி, அழாத. கெழங்கு வெந்துரும்" என்று பக்கத்தில் இல்லாத தம்பிக்குச் சொன்னது.

பாக்கியம் வாயைத் திறந்தாள். நான் அவள் தொடையில் கிள்ளிய கிள்ளில் மூச்சு விடாமல் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவரும் ஒன்றும் கேட்காமல் தூணுக்குப் பின்னால் நின்றார். அன்றும் வராண்டா பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த ஏட்டும் எழுந்து வந்தார். ஏட்டு தொண்டையைச் செருமினார். டாக்டர் வாயில் விரல் வைத்துக் காட்டினார். நாலு பெரிய ஆட்கள் ஒரு சொப்புப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிள்ளை பானையை இறக்கியது. தனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று எடுத்தது. மிச்சத்தைச் சின்னச் சொப்பில் போட்டு மூடியது.

"இது அப்பாவுக்கு. உறியில வச்சிருவோம். வேலை முடிஞ்சு பசியோட வருவாக."

டாக்டர் தலையில் கை வைத்தார். "கண்வலிக்கெழங்கு! விஷமாச்சேய்யா, தின்னு பொழச்சா முடி கொட்டும்!" என்று மெதுவாகச் சொன்னார். ஏட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு விட்டார்.

அன்று சாயங்காலமே திரும்பி வந்தார். வீட்டில் அடுப்பிலிருந்த பானைகளைத்தான் முன்பு போலீசார் எடுத்துப் போயிருந்தார்கள். உறியில் ஒரு மண்சட்டி மூடி வைத்தபடி இருந்தது. அதற்குள் வற்றிப்போன வேகவைத்த கிழங்கு இரண்டு. தோப்பு வேலியோரம் தோண்டிய குழி, பக்கத்தில் காய்ந்த கொடி. கார்த்திகையில் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்து நிற்கும்போது அந்தக் கொடியை மலையடிவாரத்துக்காரர்கள் யாரும் தொட மாட்டார்கள். இது நடந்தது மாசியில், பூவும் இல்லை, இலையும் இல்லை. குருவம்மா கரிசல் காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அக்கம்பக்கத்தார் வள்ளிக்கிழங்கு தோண்டுவதைப் பார்த்து, அரிசி தீர்ந்த வீட்டில் பிள்ளைகள் பசிக்கு இவளும் போய்த் தோண்டியிருக்கிறாள். புருஷனுக்கும் பங்கு எடுத்து வைத்திருக்கிறாள். அவர் இரண்டாவது ஷிப்ட் பார்க்காமல் வீட்டுக்கு வந்திருந்தால் அவரும் என் வார்டுக்கு எதிர் வார்டில்தான் கிடந்திருப்பார்.

ஏட்டு என்னிடம் வந்து, "நர்ஸம்மா, நீ கதவச் சாத்தலேன்னா நான் அந்தப் புள்ளகிட்ட மாவுதான் எழுதி வாங்கிருப்பேன்" என்றார். மீசை வைத்த ஆள் ஒப்புக்கொள்வது லேசில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு அன்றிலிருந்து மரியாதை.

மாஜிஸ்ட்ரேட் வந்து, "அன்னைக்கு என்ன நடந்துச்சு, நீயே சொல்லு தாயி" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை கிழங்குக் கதையைச் சொன்னது. பொட்டலத்தைப் பற்றியும் தானாகவே, "சம்பளத்தன்னைக்கு அப்பா பொரிகடலை கொண்டாருவாக" என்றது. மாவு எங்கேயும் வரவில்லை. பின்னால் மெட்ராஸிலிருந்து வந்த ரிப்போர்ட்டிலும் பாஷாணம் இல்லை.

சங்கையாவை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி முன்னால் பழைய கூட்டம் மறுபடி கூடியது. அவர் வந்தார். வார்டு நிலைப்படியில் நின்றவருக்கு உள்ளே வரக் கால் வரவில்லை. கதவைத் திறந்தே வைத்தேன். அன்றைக்கு மட்டும் எல்லோரும் பார்க்கட்டும் என்று எனக்கு வீம்பு.

மாடத்தி தலைத்துணியோடு கட்டிலிலிருந்து இறங்கியது. சின்னச் சொப்பை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டியது.

"அப்பா, ஒங்களுக்கு அம்மா எடுத்து வச்சா. நீங்க வரவேயில்ல."

அவர் தரையில் உட்கார்ந்தார். சொப்பிலிருந்து ஓட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாய்வரை கொண்டுபோய், மெல்வதுபோல் மென்று, விழுங்குவதுபோல் விழுங்கினார். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. அத்தனை நாளும் அடக்கியிருந்த அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. 'இவன் மட்டும் ஏன் திங்கலை' என்று கேட்ட கூட்டம் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு கலைந்தது. நானும் அழுதேன், பாக்கியமும் அழுதாள். அதில் வெட்கம் இல்லை.

இப்போது நர்ஸ் படிக்கிற பிள்ளைகள் ஊசி போடவும் கட்டுப் போடவும் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது. உங்கள் கட்டிலில் கிடக்கிறவர்களைப் பற்றி ஊர் ஒரு கதை வைத்திருக்கும். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பிள்ளைகள் தானாகச் சொல்லும்வரை காத்திருங்கள். நான் போகிற உயிர் எத்தனைக்கோ வாயில் கடைசித் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன். ஆனால் என் வேலையில் நான் பெருமைப்படுவது எது என்று கேட்டால், அந்த வேலியோரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதைத்தான் சொல்வேன். வாய் நீளம் என்று பேர் வாங்கியவள் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் சங்கையா சந்தை நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போவார். முடி மறுபடி வளர்ந்தது, முன்னைவிட அடர்த்தியாக. முதல் சடை நானே பின்னி, பூ வைத்து அனுப்பினேன்.