கேரம் போர்டில் விழுந்த மருந்து

என் வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை தூக்கினவர். கன்னத்தில் புற்றுநோய். இனி குணமாகாது என்று சொல்லி ராயபுரம் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். வலிக்கு மருந்து இருந்தது. புண்ணின் நாற்றத்துக்குத்தான் வழி தெரியவில்லை. சாயந்திரம் கேரம் ஆட வரும் கூட்டாளி, வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போக ஆரம்பித்தார். இவரும் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார்.

"நீ காசிமேட்டுல மீனு வித்தவ, உனக்கு நாத்தம் தெரியாது. அவனுக்கு இன்னா தலையெழுத்து?" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்சம்மாவிடம், புருஷன் நாறுகிறார் என்று எந்த வாயால் சொல்வது? புண்ணின்மேல் போட்ட கட்டைப் பிரித்ததும் அவரே புரிந்துகொண்டார். ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடி பண்ணிப் புண்மேல் தூவச் சொன்னார். "இது நோய்க்கு இல்லம்மா, நாத்தத்துக்கு."

இடித்துச் சலித்துக் கிண்ணத்தில் வைத்துக்கொள்வேன். சில நாளில் நாற்றம் அடங்கியது. கதவை நானே திறந்து வைத்தேன்.

கூட்டாளி வந்து கட்டில்மேலேயே போர்டைப் போட்டார். நான் டீ கொண்டுவருவதற்குள், கிண்ணத்தில் இருந்ததைக் கேரம் பவுடர் என்று நினைத்துப் போர்டு முழுக்கத் தூவிவிட்டார்.

"ஐயோ அண்ணே, அது புண்ணுக்குப் போடுற மருந்து!"

"அதான் காயி இந்த ஓட்டம் ஓடுதா தங்கச்சி?"

"போர்டுக்கு இன்னா சீக்குடா மாமு?" என்றார் இவர். சிரித்தால் கன்னம் வலிக்கும். கையால் தாங்கிக்கொண்டே சிரித்தார்.

மழை நாளில் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி. மகள் ஆட்டோவோடு வந்து, "ஆஸ்பத்திரில சேத்து ஊசில ஆன்டிபயாடிக் ஏத்தலாம்மா" என்று அழுதாள். பார்க்க வந்த நர்சம்மா ஒளிக்காமல் சொன்னார். ஏற்றினால் காய்ச்சல் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். நோய் நிற்காது. வீட்டில் இருந்தாலும் காய்ச்சலுக்கும் மூச்சு முட்டலுக்கும் மருந்து கொடுத்துச் சுகமாக வைத்துக்கொள்ளலாம். "அவருக்கு எது வேணும்?"

இவரால் பேச முடியவில்லை. வலது கையை மட்டும் என் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். போன தடவை ஆஸ்பத்திரியில் ஊசி குத்தியே வீங்கி, ஸ்ட்ரைக்கர் பிடிக்க முடியாமல் கிடந்த கை அது.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் சொன்னேன்: "வாணாம்மா. வூட்லயே இருக்கட்டும். சாயந்திரம் ஆட வருவாங்க."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவை அனுப்பினாள். புண்ணுக்குப் பொடி போடுவதை மட்டும் நான் விடவில்லை.

அப்புறம் ஒரு சாயந்திரம், ஆட்டம் பாதியில் நிற்க, இவர் போய்விட்டார். கூட்டாளி குனிந்து, அந்தக் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்து அழுதார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.