யானை தொட்ட படி

சானமாவுக் காட்டோரம் இருக்கிற எங்கள் பழைய வீட்டில், மாடிக்குப் போகும் மரப்படிகளுக்குப் பெயிண்ட் அடிக்க நேற்று உட்கார்ந்தோம். மேலே ஒட்டியிருந்த கிழிந்த கார்ப்பெட்டை என் மகள் ஸ்டெல்லா உரித்தாள். நான் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். வாசனை வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது, பிள்ளைகளே.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாளும் இதே வாசனைதான். கிறிஸ்துமஸுக்காக எங்கம்மா படிகளுக்குப் பெயிண்ட் அடித்தார். மேலிருந்து இறங்காமல், கீழ்ப்படியில் ஆரம்பித்து ஏறிக்கொண்டே போய்விட்டார். காயும்வரை நானும் அவரும் மாடியிலேயே மாட்டிக்கொண்டோம்.

“இந்த ஊட்டுல அறிவாளி நான்தான்டா,” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது பட்டப்பகலில், படிகளை ஒட்டியிருந்த பின்வாசல் இருண்டது. மாடியில் வைத்திருந்த ராகியை மோப்பம் பிடித்து யானை வந்திருந்தது! தும்பிக்கை உள்ளே நீண்டு கீழ்ப்படியைத் தடவியது. ஒழுங்காக அடித்திருந்தால் நாங்கள் அங்கேதான் நின்றிருப்போம். அம்மா என் வாயைப் பொத்தினார். யானை விட்ட மூச்சு மாடிவரை வந்தது. பிறகு தும்பிக்கை மெல்லத் திரும்பிப் போனது.

“பெரியவருக்கு பெயிண்ட் நாத்தம் ஆவல போல,” என்றார் அம்மா, என் வாயிலிருந்து கையை எடுத்தபடி.

வழுக்குகிறதென்று அப்பா பின்னாளில் கார்ப்பெட் ஒட்டிவிட்டார். கதையைச் சொன்னால் ஸ்டெல்லா, “போப்பா, ரீல் விடாத,” என்பாள்.

நேற்று கீழ்ப்படியில் கார்ப்பெட்டை உரித்தவள் குனிந்து பார்த்தாள். பழைய பெயிண்டில் அகலமாக ஒரு தடம். தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். கை முழுதும் அதற்குள் அடங்கியது.

“இந்தப் படிக்கு மட்டும் பெயிண்ட் வேணாம்ப்பா,” என்றாள் கிசுகிசுப்பாக, யானை இன்னும் வாசலில் நிற்பதுபோல.