ஈயக்குண்டும் பதக்கமும்

என் வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது. அதைத் தந்தவர் சல்லி என்ற கடலோரக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு மீனவர். என் உயிரையும் அவர்தான் காப்பாற்றித் தந்தார். அதற்கான பதக்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தவரோ துறைமுகத்து அதிகாரி.

சிறுவயதில், துறைமுகத்தில் மூதூருக்குப் போகும் லாஞ்சுப் படகில் ஏறப்போனபோது கால் வழுக்கிக் கடலில் விழுந்தேன். நீரோட்டம் என்னை இழுத்துக்கொண்டு போனது. கரையில் நின்றவர்கள் கூக்குரலிட்டார்களே தவிர ஒருவரும் குதிக்கவில்லை. அந்தப் பக்கமாக வள்ளத்தில் வந்த மீனவர், மீனுக்கு எறியும் வீச்சு வலையை எனக்கு எறிந்தார். வலை ஓரத்து ஈயக்குண்டு என் நெற்றியைப் பிளந்தது.

"பாவி, பிள்ளைக்கு வலை எறியிறான்!" என்று அம்மாவே அவரைத் திட்டினாராம்.

அவர் என்னை வலையோடு இழுத்துப் படிக்கட்டில் சேர்த்தார். வெள்ளைக் காற்சட்டை போட்ட அதிகாரி முழங்கால் தண்ணீர்வரை இறங்கி என்னை வாங்கினார். கப்பலைப் படமெடுக்க வந்திருந்த பத்திரிகைக்காரர் அதைப் படமெடுத்தார். வலையை அறுத்துத்தான் என்னை வெளியே எடுத்தார்கள்.

"வள்ளத்தை எடு! லாஞ் விடுற இடத்தில என்ன வேலை உனக்கு?" என்று அதிகாரி அவரை விரட்டினார். மீனவர் கிழிந்த வலையை அள்ளிக்கொண்டு போய்விட்டார். என் தலைமயிரில் சிக்கியிருந்த ஒரு ஈயக்குண்டு மட்டும் என்னிடம் தங்கியது.

படம் பத்திரிகையில் வந்தது. பிறகு அதிகாரிக்குப் பதக்கமும் வந்தது. ஓர்ஸ் ஹில்லில் இருந்த அதிகாரி வீட்டில் விருந்து என்றால் என்னைக் கூப்பிட்டுத் தன் கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்துவார். "நான் குதிச்சு எடுத்த பிள்ளை இதுதான்" என்பார். அப்பா அவருக்குக் கீழே வேலை செய்தார். அதனால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பா ஓய்வுபெறும்வரை காத்திருந்தேன். என் வன்மத்துக்கு அவசரமில்லை.

அதிகாரியின் பிரியாவிடைக் கூட்டத்தில் அதே பதக்கத்தை என் கையால் அவர் நெஞ்சில் குத்தவேண்டுமென்று கேட்டார்கள். ஆசையோடு போனேன். மேடையில் பதக்கத்தை வாங்கிக்கொண்டு, அவர் உள்ளங்கையில் ஈயக்குண்டை வைத்தேன்.

"ஐயா, இது என்னெண்டு சொல்லுங்கோ."

"தெரியேல்லையே பிள்ளை."

ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டேன். "என்னை எடுத்த வலையின்ர குண்டு இது. எடுத்தவர் சல்லியில இருக்கிறார். ஐயா நனைஞ்சது முழங்கால் மட்டுந்தான்."

அவர் முகம் செத்ததைப் பார்க்க எனக்கு இனித்தது. குண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பதக்கத்தோடு இறங்கி வந்தேன்.

மறுநாள் சல்லிக்குப் போனேன். மீனவர் பதக்கத்தைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "வலைக்கு இந்தப் பாரம் காணாது பிள்ளை. அந்தக் குண்டைத் தாங்கோ" என்றார். குண்டைக் கொடுத்தேன்; பதக்கத்தையும் எடுக்கச்சொல்லி விடாப்பிடியாக நின்றேன். சிரித்துக்கொண்டே இரண்டையும் வலை ஓரத்தில் கட்டினார். அந்த வலை கடலடிப் பாறைப் பாரில் மாட்டிக் கடலோடு போகும்வரை பதக்கம் மீன்பிடித்தது.

அதிகாரி இறந்த அன்று அவருடைய மகன் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அப்பான்ர பெட்டிக்குள்ள வைக்கவேணும், அக்கா. அந்தப் பதக்கத்தைத் தருவீங்களா?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் வாய் அடங்கவில்லை.

"ஓம், எடுக்கலாம் தம்பி. சல்லிக் கடலில கிடக்கு. ஆனா முழங்காலுக்கு மேல நனையவேணும்."