சளி பிடித்த கிட்டார்

காயில் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. பல் வைத்தியரிடம் போனால், கூப்பிடுவதற்குள் அங்கே ஆடிக்கொண்டிருக்கும் நாற்காலியைக் கவிழ்த்து, திருகாணியை முறுக்கிவிட்டுத்தான் உள்ளே போவாள். மகளுக்குப் பேசி முடிக்கச் சம்பந்தி வீட்டுக்கு முதல்முறை போன அன்றே அவர்கள் குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தவள்.

"யாராவது உன்னக் கேட்டாங்களா?" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கேக்கலேன்னா கோணலாவே கிடக்கணுமா?" என்றாள் அக்கா.

மோட்டார்களுக்குக் காயில் சுற்றுவது அவள் தொழில். மிக்சி, மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு என்று எரிந்துபோனதெல்லாம் அவள் கடைக்கு வரும். எட்டடிக்குப் பத்தடி கடை. உள்ளே நுழைந்தால் வார்னிஷ் வாசனை மூக்கைத் துளைக்கும். அந்த வரிசையில் பதினான்கு கடைகள் இருந்தும், உட்கார்ந்து கம்பி சுற்றும் பெண் இவள் ஒருத்திதான். "என் கை பட்டது திரும்பி வராது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவாள். மகளை அனுப்பிவைக்கும்போதும் சம்பந்தியிடம் பழக்கதோஷத்தில் இதையே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவள் கையால் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு வேலை தவறிப்போயிருந்தது. அது அவளுக்கே தெரியாது.

அவள் தம்பி எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவன். வாங்கும்போதே பழையதாக வாங்கிய அந்தக் கிட்டாரில் பிக்கப் இரண்டும் செத்துக் கிடந்தன. பிக்கப் என்றால் பெரிய மந்திரமில்லை. காந்தத்தின் மேல், தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய சின்னக் கட்டை அது. மேலே கிட்டார்க் கம்பி அதிர்ந்தால் அந்த அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். "காயில்தானேடா, கொண்டா" என்றாள் அக்கா. அவ்வளவு மெல்லிய கம்பி கடையில் இல்லாததால் வேறு பிக்கப் தேடினாள். உடைந்த கிட்டார் ஒன்றிலிருந்து ஒரு கம்பெனியின் பிக்கப் கிடைத்தது. தம்பியின் நண்பன் வேறொரு கம்பெனியின் பிக்கப்பைக் கொடுத்தான். இரண்டையும் பொருத்திவிட்டாள்.

சுவிட்சை மேலே தள்ளினால் ஒன்று பேசும், கீழே தள்ளினால் மற்றது. தனித்தனியாக இரண்டுமே கணீரென்று பேசின. நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்தால்தான் வினோதம். சத்தத்தில் இருந்த சதையெல்லாம் கரைந்து, சளி பிடித்த ஆள் மூக்கால் பேசுவதுபோல் மெலிதாக வந்தது. ரெண்டும் வேற வேற கம்பெனி, அப்படித்தான் இருக்கும் என்று அக்கா விட்டுவிட்டாள். தம்பிக்கோ அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. அவன் வாசித்த பாட்டுக் குழுவில் அவனுக்குச் 'சளி' என்றே பெயர் விழுந்தது. கேலிப் பெயர்தான், ஆனால் மெதுவான பாட்டில் அந்த மூக்குச் சத்தம் எழும்பினால் கடைசி வரிசையில் அரட்டை அடிப்பவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள்.

பாட்டு சோறு போடவில்லை. தம்பி பகலெல்லாம் செருப்புக் கடையில் அடுத்தவர் பாதத்தை அளந்துகொண்டிருந்தான். நாற்பத்தாறு வயதில், ஊர் ஊராகப் போகும் பெரிய குழுவின் தலைவர் ஒருவர் அவன் வாசிப்பைத் தற்செயலாகக் கேட்டார். "விரல் நல்லாருக்கு, அது பலபேருக்கு இருக்கு. அந்த மூக்குச் சத்தம்தான் எனக்கு வேணும். சனிக்கிழமை பத்து மணிக்குக் கிட்டாரோட வாங்க" என்றார். இதை விட்டால் இனி ஒன்று வராது என்று தம்பிக்குத் தெரியும்.

வியாழக்கிழமை கிட்டாரை அக்காவிடம் கொண்டுவந்தான். சனிக்கிழமை வரச் சொன்னதைச் சொன்னவன், அது மூக்குச் சத்தத்துக்காகத்தான் என்பதைச் சொல்லவில்லை. "சுவிட்சு கரகரங்குது. அத மட்டும் மாத்திக் குடுக்கா."

'மட்டும்' என்ற சொல் அக்காவின் காதில் என்றைக்கு ஏறியது? சுவிட்சை மாற்றிய கையோடு, சென்ற வருடம் கற்றுக்கொண்ட ஒரு சோதனையையும் செய்து பார்த்தாள். பிக்கப்பின் கம்பிகளில் முள் மீட்டரை மாட்டிவிட்டு, திருப்புளியால் பிக்கப்பின் தலையைத் தொட வேண்டும். முதல் பிக்கப்பைத் தொட்டாள். முள் வலப்பக்கம் துள்ளியது. அடுத்ததைத் தொட்டாள். இடப்பக்கம் துள்ளியது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. கனத்த சத்தத்தை இரண்டும் சேர்ந்து விழுங்கிவிடுகின்றன. முதல் கம்பெனியில் வெள்ளைக் கம்பி எங்கே போகிறதோ, அடுத்ததிலும் அங்கேதான் போகும் என்று நம்பிப் பற்றவைத்திருக்கிறாள். அந்தக் கம்பெனிக்காரன் தலைகீழாகச் சுற்றியிருக்கிறான். தன் அரைகுறை வேலையையா இத்தனை வருடம் தம்பி ஊர் முன்னால் தூக்கிக்கொண்டு அலைந்தான் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. இரண்டே நிமிடத்தில் கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தாள். இரண்டும் சேர்ந்து கோயில் மணிபோலக் கனமாக ஒலித்தன. யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று முடிவுசெய்தாள்.

வெள்ளி மதியம் தம்பி வந்து வாசித்தான். நான்கு சுரம்தான். நிறுத்தி, குமிழைத் திருகிவிட்டு, மறுபடி வாசித்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, என் சத்தம் எங்க?"

"புது சுவிட்சுடா. பழகினா சரியாயிடும்."

"இது ஊர்ல இருக்கிற எல்லாக் கிட்டாரும் போடுற சத்தம். நாளைக்கு அவர் முன்னாடி நான் என்னத்த வாசிப்பேன்?"

பம்பு மோட்டார் வந்த மரப்பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சுவிட்சின் மேல் பழியைப் போட்டு, அவனை டீ வாங்க அனுப்பிவிட்டுக் கம்பியை மாற்றிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. அந்தப் பொய் அக்காவின் நுனிநாக்குவரை வந்தது. ஆனால் அவன் உட்கார்ந்திருந்த கோலம் அதைச் சொல்லவிடவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்டா" என்றாள். "இப்ப இல்ல, அப்பவே. கம்பிய மாத்திப் பத்தவெச்சிருக்கேன். அந்தச் சத்தமே என் தப்புதான். நேத்துதான் பார்த்தேன், பார்த்ததும் சரிபண்ணிட்டேன்."

தம்பி நிமிர்ந்தான். "தெரியும்க்கா."

"என்னது?"

"பன்னெண்டு வருஷம் முன்ன வெளியூர்ல ஒரு மெக்கானிக் தொறந்து பார்த்தாரு. எவனோ வேல தெரியாதவன் மாத்தி மாட்டியிருக்கான், சரிபண்ணித் தரட்டுமான்னாரு. ஒண்ணும் வேணாம், எங்க அக்கா தெரிஞ்சுதான் அப்படி வெச்சிருக்குன்னு சொல்லிட்டு வாங்கிட்டு வந்துட்டேன்."

"ஏன்டா பொய் சொன்ன?"

"உன்னப் போய் வேல தெரியாதவன்னு சொல்றாரு, கேட்டுட்டு வரச் சொல்றியா?"

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சால்டரிங் புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றால், பற்றவைக்கும் கோல் இன்னும் சூடாகவே இல்லை. சூடானதும் கம்பிகளைப் பழையபடி மாற்றினாள். தம்பி வாசித்தான். பழைய சளி அப்படியே திரும்பி வந்தது.

மூடியை மாட்டும்போது தோள் வாரை மாட்டும் குமிழ் ஒன்று லேசாக ஆடுவது அவள் கண்ணில் பட்டது. திருப்புளி கையில்தான் இருந்தது.

"இது ஆடுதுடா. முறுக்கட்டுமா?" என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்து தம்பி கேட்டதில்லை.

"முறுக்குக்கா" என்று சிரித்தான்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்குப் போன் வந்தது.

"எடுத்துக்கிட்டாங்கக்கா! திங்கக்கிழமையிலேர்ந்து வரச் சொல்லிட்டாரு. இந்தச் சத்தத்த யாரு அமைச்சுக் குடுத்ததுன்னு கேட்டாரு."

"என்னடா சொன்ன?"

"வழக்கமா சொல்றதுதான். எங்க அக்கா, தெரிஞ்சே இப்படி வெச்சதுன்னேன்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இந்தத் தடவ நீ பொய் சொல்லலடா" என்றாள்.